மாட்கள் நிறைந்த ஸ்கைரிம் திணறுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

மாட்கள், அதாவது ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் தொகுப்புகள், நிறையப் போட்டதால் திணறும் ஸ்கைரிம் கேமுக்கான வழிமுறை இது; அதுவும் ஸ்பெஷல் எடிஷனுக்கு மட்டும். உங்களிடம் இருப்பது 1.5.97, 1.6.640, 1.6.1170 எதுவானாலும் பொருந்தும். 2011-இல் வந்த பழைய 32-பிட் ஸ்கைரிமுக்குப் பொருந்தாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு: தேடினால் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும் பகுதி அந்தப் பழைய பதிப்புக்காக எழுதப்பட்டது. ஈஎன்பி (காட்சிக்கு அழகூட்டும் இணைப்பு) கோப்பில் வீடியோ மெமரி அளவைக் கையால் எழுதுவது, பாபிரஸுக்கு (கேமின் ஸ்கிரிப்ட்களை ஓட்டும் பகுதி) கிகாபைட் கணக்கில் நினைவகம் ஒதுக்குவது, உங்களைச் சுற்றி எவ்வளவு நிலம் முழுமையாக ஏறும் என்று சொல்லும் ‘யூகிரிட்ஸ்’ மதிப்பை 7, 9 என்று ஏற்றுவது எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. 2016-இல் 64-பிட்டாக, டைரக்ட்எக்ஸ் 11-இல் வந்த ஸ்பெஷல் எடிஷனில் இவற்றில் சில வீண், சில கெடுதல்.

கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படையாகச் சில இருக்க வேண்டும்: மாட் ஆர்கனைசர் 2 (மாட்களை நிர்வகிக்க), உங்கள் பதிப்புக்குரிய எஸ்கேஎஸ்ஈ (ஸ்கிரிப்ட் நீட்டிப்பு), அட்ரஸ் லைப்ரரி (எஸ்கேஎஸ்ஈ மாட்களுக்குத் தேவை), எஞ்சின் ஃபிக்ஸஸ் (எஞ்சின் பிழைத் திருத்தம்), டிஸ்ப்ளே ட்வீக்ஸ் (திரை, பிரேம் வரம்பு அமைப்பு), பெத்இனி (ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்புகளைத் திருத்த). எஞ்சின் ஃபிக்ஸஸ் இரண்டு பகுதியாக வரும். இரண்டாம் பகுதி மாட் ஆர்கனைசர் வழியாகப் போகாது. கேமின் இயங்கு கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் நேரடியாகப் போட வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். கேம் ஓடும், ஆனால் நினைவகத் திருத்தம் வேலை செய்யாது.

இன்னொரு பொறி: மாட் ஆர்கனைசரில் ‘புரொஃபைலுக்குத் தனி ஐஎன்ஐ’ தெரிவு இயக்கத்தில் இருந்தால், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள ஐஎன்ஐயை எவ்வளவு திருத்தினாலும் கேம் அதைப் படிக்காது. பெத்இனியைத் திறக்கும்போது எந்த ஃபோல்டரைக் காட்டுகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடும் முன் அளவு எடுங்கள்

எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) குறைந்தால் உடனே டெக்ஸ்சரை (பொருளின் மேல் ஒட்டும் படம்) சுருக்கக் கிளம்புவது பொதுவான பழக்கம். டெக்ஸ்சர் அளவு சராசரி எஃப்பிஎஸ்ஸை அவ்வளவாக மாற்றாது. அது திக்கலைத்தான் உண்டாக்கும். ஆக, எந்த அறிகுறி என்று தெரியாமல் எந்த மாட்டையும் கழற்றக் கூடாது.

ஆர்டிஎஸ்எஸ், ஆஃப்டர்பர்னர் என்ற அளவு காட்டும் கருவிகளைப் போட்டு, திரையில் பிரேம் நேரம், ஜிபியு பயன்பாடு, வீரேம் (கிராபிக்ஸ் கார்டின் நினைவகம்), ரேம் நான்கும் தெரியும்படி வையுங்கள். எஃப்பிஎஸ்ஸைவிடப் பிரேம் நேரம்தான் உண்மையைச் சொல்லும்: 60 எஃப்பிஎஸ் என்றால் 16.6 மில்லிசெகண்ட், 40 என்றால் 25, 30 என்றால் 33.3. வரைபடம் தட்டையாக 25-இல் ஓடினால் அது ‘மெதுவு’. 16-இல் ஓடிக்கொண்டே நடுநடுவே 80-க்குக் குத்தினால் அது ‘திக்கல்’. இரண்டுக்கும் மருந்து வேறு.

டிஸ்ப்ளே ட்வீக்ஸில் பிரேம் வரம்பையும் வீசிங்க்கையும் (திரையோடு பிரேமை ஒத்திசைப்பது) தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். புது கேமில், ஒரே நேரத்தில், ஒரே வானிலையில் சோதியுங்கள். கன்சோலில் கேம் ஹவரை 12 ஆக்கி, ‘எஃப்டபிள்யூ 81ஏ’ என்று தட்டினால் தெளிந்த வானம் வரும். டிராகன்ஸ்ரீச் படிக்கட்டின் மேலிருந்து வைட்ரன் நகரைப் பார்ப்பது ஓர் இடம். ரிவர்வுட் ஊருக்கு வெளியே காட்டைப் பார்ப்பது இன்னொன்று. பேனர்ட் மேர் விடுதிக்குள் மூன்றாவது. இந்த மூன்றின் எண்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

பிறகு திரைத் தெளிவை 1280×720-க்கு இறக்கி அதே இடங்களில் நில்லுங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை ஜிபியுவில். அப்படியே நின்றால் தடை சிபியுவில். டாஸ்க் மேனேஜர் சிபியு 15% என்று காட்டுவதை நம்ப வேண்டாம். ஸ்கைரிமின் வரைவு வேலை பெரும்பாலும் ஒரே திரெட்டில் ஓடுகிறது. பன்னிரண்டு கோரில் ஒன்று மட்டும் முழுகிக் கிடந்தாலும் மொத்தக் கணக்கு சின்னதாகத்தான் தெரியும்.

வெளியே எஃப்பிஎஸ் குறைவு, ஜிபியுவோ பாதிதான் வேலை செய்கிறது

கனமான மாட் பட்டியல்களில் மிக அதிகம் வருவது இதுதான். ஜிபியு 55%, எஃப்பிஎஸ் 38. புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியும் எண் நகராது. கொத்தனார் எவ்வளவு கைவேகக்காரராக இருந்தாலும் சித்தாள் கல் எடுத்துக் கொடுக்கும் வேகத்தில்தானே சுவர் எழும்பும்? இங்கே சித்தாள் சிபியு. திரையில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும், அதன் ஒவ்வொரு துண்டுக்கும், அது ஒரு டிரா கால் (‘இதை வரை’ என்ற கட்டளை) அனுப்ப வேண்டும்.

முதலில் நிழல். நிழல் தூரத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் நிழல் வரைபடத்துக்காக மறுபடியும் வரையப்படுகிறது. ஆகவே நிழல் தூரத்தைக் கூட்டினால் டிரா கால் பல மடங்காகும். பெத்இனியில் நிழல் தூரம் 8000, 10000 என்று இருந்தால் 4000-க்கு இறக்கிப் பாருங்கள். நிழலின் தெளிவு 2048 போதும்; ஆனால் தெளிவு ஜிபியுவின் பாடு, தூரம்தான் சிபியுவின் பாடு. இந்த ஒரு மாற்றத்தில் வைட்ரன் எண் ஏறவில்லை என்றால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்தது மரம். பெரிய மர மாட்களில் ஒரே மரம் பல துண்டுகளாகப் பிரிந்து வரும்; அவை ஒவ்வொன்றும் தனி டிரா கால், நிழலுக்கு மறுபடி ஒன்று. காட்டுக்குள் மட்டும் விழுகிறது, வெட்டவெளியில் விழவில்லை என்றால் மர மாட்டை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். மரத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. ஆனால் மர எண்ணிக்கையைக் கூட்டும் மாட்டும் கனமான மர மாட்டும் ஒன்றாகச் சேரக் கூடாது.

மூன்றாவது எல்ஓடி, அதாவது தொலைவில் தெரியும் எளிய வடிவங்கள். கன்சோலில் ‘டிஎல்எல்’ தட்டினால் தொலைதூர நிலம் மறையும். அப்போது எஃப்பிஎஸ் கணிசமாகத் தாவினால் டைன்டோலாடை (எல்ஓடி உருவாக்கும் கருவி) ‘ஹை’ அமைப்பில் ஓட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். ‘மீடியம்’ வைத்து மறுபடி உருவாக்குங்கள். தூரத்து மரங்களை முப்பரிமாணத்தில் கேட்காமல் பில்போர்டாக (தட்டைப் படமாக) விட்டால் சுமை இன்னும் இறங்கும். 1080 திரையில் தொலைமலையின் மேல் நிற்கும் மரம் தட்டையா உருண்டையா என்று கண்டுபிடிப்பது கடினம்.

நான்காவது, நகர மாட்கள். எஞ்சின், கட்டடத்துக்குப் பின்னால் மறைந்திருப்பதை வரையாமல் விட ‘ஒக்லூஷன்’ தளங்களை நம்புகிறது. நகரை விரிவாக்கும் மாட்கள் பொருட்களைக் கூட்டும். சில, பழைய தளங்களை அழித்தும்விடும். ஈஎஃப்பிஎஸ் என்ற மாட் வெளிப்புறங்களுக்கு இந்தத் தளங்களைக் கூடுதலாகச் சேர்க்கிறது. அதைப் போட்டபின் சில கோணங்களில் சுவரோ பாறையோ மறைந்துபோனால், அதே இடத்தைத் தொடும் இன்னொரு மாட்டோடு மோதுகிறது. அந்த இரண்டுக்கும் இணைப்பு பேட்ச் இருக்கிறதா என்று தேடிப் போடுங்கள்.

‘யூகிரிட்ஸ்’ 5-இல்தான் இருக்க வேண்டும். 5 என்றால் உங்களைச் சுற்றி 25 செல் (நிலத்தின் சதுரத் துண்டு) முழுமையாக ஏறும். 7 என்றால் 49. ஏறும் செல்களில் ஆட்களும் ஸ்கிரிப்ட்களும் உயிர்பெறும் என்பதால், நீங்கள் போகாத இடத்துக் குவெஸ்ட் தானாகத் தொடங்கிச் சிதறும். சேவ் கோப்பில் பதிந்த பிறகு திரும்ப இறக்குவதும் தொல்லை. தூரக் காட்சி வேண்டுமானால் டைன்டோலாட்தான் வழி.

வன்பொருளில் செலவில்லாமல் கிடைப்பது ஒன்று இருக்கிறது. பயோஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அதற்குரிய வேகத்தில் ஓட்டும் தெரிவு) இயக்கத்தில் இல்லாவிட்டால், 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருக்கும். ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இன்னொன்று சேர்த்து இரட்டைச் சேனல் ஆக்குங்கள். சிபியு தடையில் சிக்கிய ஸ்கைரிமுக்கு ரேம் வேகமும் கேஷ் அளவும் நேரடியாக உதவும். 96 எம்பி எல்3 கேஷ் கொண்ட 5800எக்ஸ்3டி போன்ற சிப்கள் இந்த கேமில் பெயர் வாங்கியது அதனால்தான்.

ஜிபியு 99%-இல் நிற்கிறது

இது எளிது. ஈஎன்பி போட்டிருந்தால் அதை ஒரு முறை அணைத்துப் பாருங்கள். வித்தியாசம் 10 மில்லிசெகண்ட் என்றால் விடை கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். ஈஎன்பி பலகையில் ஆம்பியன்ட் ஒக்லூஷன், டெப்த் ஆஃப் ஃபீல்டு, தண்ணீர் பிரதிபலிப்பு இவற்றை ஒவ்வொன்றாக அணைத்து எண்ணைப் பாருங்கள். இன்னும் போதவில்லை என்றால் ஈஎன்பிக்கு மாற்றான கம்யூனிட்டி ஷேடர்ஸுக்கு மாறலாம். தோற்றம் அதே அல்ல, செலவு குறைவு. அதை முதலில் ஓட்டும்போது ஷேடர்களைத் தொகுக்கும். அந்த வேலை முடியும் வரை வரும் திக்கலை அளவில் சேர்க்காதீர்கள்.

ஈஎன்பி இல்லாமலே 99% என்றால் புல்லைச் சந்தேகியுங்கள். கன்சோலில் ‘டிஜி’ தட்டினால் புல் மறையும். புல் இலை முழுக்க ஒளி ஊடுருவும் தாள்கள். ஒன்றன் மேல் ஒன்று படியும் இடத்தில் ஒரே பிக்சலை ஜிபியு பல முறை வரைகிறது. குனிந்து நடக்கும்போது எஃப்பிஎஸ் இன்னும் விழுவது அதனால்தான். ஐஎன்ஐயில் குறைந்தபட்சப் புல் அளவு கேமோடு வருவது 20. எண் கூடினால் புல்லின் நெருக்கம் குறையும். 60-இல் தொடங்கி 80 வரை போய்ப் பாருங்கள். மாட்களோடு வரும் ஐஎன்ஐ உங்கள் எண்ணை மீறி எழுதலாம், கவனம். முன்கூட்டியே புல் கேஷ் உருவாக்கி வைத்திருந்தால், இந்த எண்ணை மாற்றியபின் கேஷையும் மறுபடி உருவாக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய நெருக்கமே தொடரும்.

கடைசி வழி திரைத் தெளிவு. டிஸ்ப்ளே ட்வீக்ஸில் எல்லையில்லாச் சாளரமும் அப்ஸ்கேலும் இயக்கி, தெளிவு விகிதத்தை 0.85 வைத்தால் வரைய வேண்டிய பிக்சல் 72% ஆகிவிடும்.

சராசரி நன்றாக இருக்கிறது, நடக்கும்போதும் திரும்பும்போதும் திக்குகிறது

இங்கேதான் டெக்ஸ்சர் வருகிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிசி7 சுருக்கத்தில் 4096×4096 டெக்ஸ்சர் ஒன்று, மிப்மேப்களோடு (தூரத்துக்கான சிறிய நகல்கள்) ஏறக்குறைய 21 எம்பி. ஒரு சுவருக்கு நிறம், நார்மல் (மேடுபள்ளத்தைக் காட்டும் வரைபடம்) இரண்டு என்றால் 42. பாரலாக்ஸ் வரைபடமும் பெரிதாக இருந்தால் அதற்கு மேல். அதே டெக்ஸ்சர் 2048-இல் 5.3 எம்பி, 1024-இல் 1.3. யாரோ சுருக்காமலே வெளியிட்ட 4கே கோப்பு என்றால் ஒன்றே 85 எம்பி! அப்படிப்பட்ட கோப்புகள் நாலைந்து ஒரு மாட்டுக்குள் ஒளிந்திருந்தாலே போதும்.

8 ஜிபி கார்டில் கேமுக்கு முழு 8 கிடைக்காது. விண்டோஸும் பிரவுசரும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் ‘பகிர்ந்த ஜிபியு நினைவகம்’ எண்ணைப் பாருங்கள். திக்கும்போதெல்லாம் அது ஏறினால் வீரேம் வழிந்து, டெக்ஸ்சர்கள் ரேமுக்கும் கார்டுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கோப்பை, தட்டு, புத்தகம், காய்கறிக்கு 1கே தாராளம். கட்டடம், உடை, தரைக்கு 2கே. மலைக்கும், முகத்தை நெருங்கிப் பார்க்கும் தோலுக்கும் வேண்டுமானால் 4கே. நார்மல் வரைபடங்களை நிறத்தைவிட ஒரு படி கீழே வைத்தாலும் நகர்ந்துகொண்டே ஆடும்போது கண்ணில் படாது. மாட் ஆசிரியரே 2கே பதிப்பு கொடுத்திருந்தால் அதையே இறக்குவது நல்லது. மொத்தமாகச் செய்ய வீரேமர் இருக்கிறது. அது சுருக்கியவற்றைத் தனி ஃபோல்டரில் தரும், பிடிக்காவிட்டால் தூக்கிவிடலாம். கதீட்ரல் அசெட்ஸ் ஆப்டிமைசர் என்ற கருவியை மாட் ஃபோல்டர் முழுவதன் மேலும் மெஷ் (பொருளின் வடிவக் கோப்பு) தெரிவோடு ஏவாதீர்கள். தலை மெஷ்களும் முடியும் கெட்டால் எந்த மாட்டில் கெட்டது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது. டெக்ஸ்சர் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு மாட், நகல் எடுத்தபின்.

வீரேம் நிரம்பவில்லை, ஆனாலும் சீரான இடைவெளியில் ஒரு குத்து வருகிறதா? அது செல் எல்லை. ஒரு செல்லின் பக்கம் 4096 யூனிட், கேமின் அளவில் சுமார் 58 மீட்டர். குதிரையில் ஓடினால் சீக்கிரம் சீக்கிரமாக அடுத்த வரிசை ஏறும். ஹார்டு டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், வேறு பேச்சே இல்லை. எஸ்எஸ்டியிலும் வந்தால் விண்டோஸ் டிஃபெண்டரில் கேம் ஃபோல்டரையும் மாட் ஆர்கனைசர் ஃபோல்டரையும் விலக்குப் பட்டியலில் சேருங்கள். திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் அது சோதித்துக்கொண்டிருக்கும். கதவைத் தாண்டும்போது மட்டும் ஒரு நொடி உறைந்தால் அது ஆட்டோசேவ். கேம் மெனுவிலேயே அணைத்துவிட்டுக் கையால் சேவ் செய்யுங்கள்.

எதுவுமே இல்லாமல் படம் மட்டும் வழுக்காமல் நடுங்கினால் பிரேம் வரம்பு இரண்டு இடத்தில் போட்டிருக்கிறீர்கள். டிரைவர், ஆர்டிஎஸ்எஸ், டிஸ்ப்ளே ட்வீக்ஸ் மூன்றில் ஒன்றில் மட்டும் வையுங்கள்.

ஆட்கள் கூடும் இடத்தில் மட்டும் விழுகிறது

விடுதிக்குள் போனதும் 60 என்பது 35 ஆகிறது. கன்சோலில் ‘டிஏஐ’ தட்டி ஆட்களின் அறிவை நிறுத்துங்கள். ஏறினால் ஆட்களைச் சேர்க்கும் மாட்களோ, அவர்கள் மேல் ஓயாமல் மந்திர விளைவைப் போட்டு எடுக்கும் மாட்களோ காரணம். ஏறாவிட்டால் பெரும்பாலும் முடியும் துணியும் ஆடும் இயற்பியல். அதை நடத்தும் ஃபாஸ்டர் எச்டிடி-எஸ்எம்பியின் அமைப்புக் கோப்பில் ஒரே நேரத்தில் ஆடும் எலும்புக்கூடுகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும், எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்பத் தானாகக் குறைத்துக்கொள்ளும் தெரிவும் உண்டு. தானியங்கியை இயக்கி, உச்சவரம்பை 10 ஆக்கிப் பாருங்கள். உங்கள் பாத்திரமும் கூட வருபவரும் முன்னால் நிற்பவர்களும் ஆடினால் போதும். மூலையில் சூப் குடிப்பவரின் பின்னல் ஆடாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

முதலில் சரி, ஒரு மணி நேரத்தில் மெதுவாகிறது

லேப்டாப்பில் இப்படி நடந்தால் மாட்டைத் தேடும் முன் வெப்பத்தைப் பாருங்கள். சிபியு 95 டிகிரியைத் தொட்டதும் கடிகார வேகம் விழுகிறதா என்று ஆஃப்டர்பர்னரே காட்டும். வெப்பம் சரி என்றால் வீரேம் வரைபடம் படிப்படியாக ஏறி நிரம்புகிறதா என்று பாருங்கள். நிரம்பினால் மேலே சொன்ன டெக்ஸ்சர் வேலைதான்.

கதவு, மந்திரம், குவெஸ்ட் எல்லாம் தாமதமாகப் பதில் சொல்கிறது

படம் வழுக்குகிறது, ஆனால் நெம்புகோலை இழுத்து மூன்று நொடி கழித்துக் கதவு திறக்கிறது. இது பாபிரஸ் நெரிசல். பாபிரஸுக்கு ஒரு பிரேமில் 1.2 மில்லிசெகண்ட் மட்டுமே கேமோடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அத்தோடு பல கட்டளைகள் அடுத்த பிரேம் வரும் வரை காத்திருக்கும்; ஆகவே 30 எஃப்பிஎஸ்ஸில் அதே ஸ்கிரிப்ட் 60-ஐவிட நேரம் எடுக்கும். எஃப்பிஎஸ்ஸைச் சரிசெய்தாலே ஸ்கிரிப்ட் நெரிசலில் ஒரு பங்கு தானாகத் தீரும் என்பதால் இதைக் கடைசியில் பார்ப்பதே சரி.

ஐஎன்ஐயில் பாபிரஸ் பதிவை இயக்கி வைத்திருந்தால் அணையுங்கள். சேவ் கோப்பை ரீசேவரில் (சேவை ஆராயும் கருவி) திறந்து, செயலில் உள்ள ஸ்கிரிப்ட் பட்டியலில் ஒரே பெயர் நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெயருக்குரிய மாட்தான் ஆள். நடுவழியில் கழற்றிய மாட்டின் ஸ்கிரிப்ட்கள் அநாதையாகக் கிடந்தால் ரீசேவரே துடைக்கும். ஆனால் துடைத்த சேவை நம்பித் தொடர்வது உங்கள் துணிச்சல். ஸ்கிரிப்ட் உள்ள மாட்டை நடுவில் கழற்றாமல் இருப்பதே வழி.

அறைக்குள் நுழைந்ததும் தட்டுமுட்டு பறக்கிறது

60-க்கு மேல் எஃப்பிஎஸ் போகிறது, இயற்பியல் அதற்கேற்ப மாறவில்லை. டிஸ்ப்ளே ட்வீக்ஸில் டைனமிக் ஹாவக் (ஹாவக் என்பது கேமின் இயற்பியல் பகுதி) தெரிவை இயக்குங்கள், அல்லது 60-இல் வரம்பு போடுங்கள். தொடக்கக் காட்சியில் குதிரைவண்டி கவிழ்வதும் இதே கோளாறு.

லோடிங் முடியவில்லை, அல்லது சொல்லாமல் மூடிக்கொள்கிறது

முதலில் பேஜிங் கோப்பு, அதாவது ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் இடம். 16 ஜிபி ரேமில் அதை அணைத்து வைத்திருந்தாலோ சின்னதாக வைத்திருந்தாலோ கேம் சத்தமில்லாமல் விழும். எஸ்எஸ்டியில் குறைந்தபட்சம் 20480, அதிகபட்சம் 40960 எம்பி வையுங்கள். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் ‘ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன் டிடெக்டர்’ 2004 என்ற எச்சரிக்கை விழுந்திருந்தால் காரணம் இதுவேதான்.

அது இல்லை என்றால் கிராஷ் லாகர் மாட்டைப் போட்டு, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் எஸ்கேஎஸ்ஈ பதிவில் கடைசிக் கோப்பைத் திறவுங்கள். ஒரே மெஷ் பெயரோ ஒரே பிளக்இன் (மாட்டின் தரவுக் கோப்பு) பெயரோ இரண்டு மூன்று கிராஷிலும் வந்தால் அதைப் பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு பெயர் என்றால் பேஜிங் கோப்புக்கும் ரேமுக்கும் திரும்புங்கள்.

முழு பிளக்இன் 254-ஐத் தாண்டக் கூடாது. இலகு பிளக்இன்களுக்கு 4096 வரை தனி இடம் உண்டு. புதிய 1.71 தலைப்போடு வரும் பிளக்இன்களை 1.5.97-இலோ 1.6.640-இலோ ஓட்டினால், அந்த ஆதரவைப் பழைய பதிப்புக்குக் கொண்டுவரும் மாட்டை எஸ்கேஎஸ்ஈயோடு சேர்த்துப் போட வேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் பெரிய பட்டியல் முதன்மை மெனுவிலேயே தள்ளாடினால், ரெஃபரன்ஸ் கைப்பிடி வரம்பைத் தொட்டிருக்கலாம். எஞ்சின் ஒரே நேரத்தில் 10,48,576 பொருட்களைத்தான் அடையாளம் வைத்திருக்கும். ஈஎஸ்எம் கொடி (முதன்மைக் கோப்பு என்ற அடையாளம்) இல்லாத பிளக்இனில் உள்ள பொருட்கள் எல்லாம் கேம் தொடங்கும்போதே இந்தக் கணக்கில் ஏறிவிடும். கொடி உள்ளவற்றில் தற்காலிகப் பொருட்கள் அந்தச் செல்லுக்குப் போகும்போதுதான் ஏறும். பொருட்களைக் குவிக்கும் பெரிய மாட்களை எஸ்எஸ்ஈ-எடிட்டில் (பிளக்இன் திருத்தும் கருவி) திறந்து ஈஎஸ்எம் கொடி வைத்தால் சுமை இறங்கும். கொடி வைத்த பிளக்இன் வரிசையில் மேலே தாவும் என்பதால், அது வென்றுகொண்டிருந்த மோதல்களில் இப்போது தோற்கும். மோதல்களை ஒரு முறை சரிபார்த்துவிட்டு, வரிசை மாறியதால் டைன்டோலாடையும் புதிதாக ஓட்டுங்கள்.